வேடந்தாங்கல்: ஏரியில் கூடு, வயலில் சோறு

டிசம்பர் 14, கேள்வி (தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர்)

சார், வேடந்தாங்கலைப் பற்றி அடிக்கடி எழுதுறீங்க. போன ஞாயிறு குடும்பத்தோட போனோம். வீட்ல டிபன் முடிச்சுக் கிளம்பி, போய்ச் சேர பத்தரை ஆயிடுச்சு. தூரத்துல மரத்து மேல வெள்ளையா கொஞ்சம், கறுப்பா கொஞ்சம் உட்கார்ந்திருந்துது. வெளிநாட்டுப் பறவைன்னு பார்த்தா ஒரு பத்துப் பதினஞ்சு பூநாரை (ஃபிளமிங்கோ), அவ்வளவுதான். சின்னவன் அரை மணியில "போலாம்பா"ன்னு ஆரம்பிச்சுட்டான். முன்ன மாதிரி இல்லன்னு எல்லாரும் சொல்றது நிஜந்தானா? இனிமே அங்க போறதுல அர்த்தம் இருக்கா?

டிசம்பர் 14, இரவு

இருக்கிறது. பத்தரை மணிக்குப் போனால்தான் இல்லை.

கொக்குகளும் நீர்க்காகங்களும் இருட்டு விலகும்போதே இரைக்குக் கிளம்பிவிடும். நாரைகளும் கூழைக்கடாக்களும் (பெலிக்கன்) கனத்த உடம்புக்காரர்கள். வெயில் ஏறி, தரை சூடாகி, காற்று மேலே எழும்பும்வரை காத்திருப்பார்கள். எட்டரை, ஒன்பது வாக்கில் அந்தக் காற்றில் ஏறி, இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டு உயரம் போய், ஒரு திசை பிடித்து நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் போய் நின்ற நேரத்தில் மரத்தில் இருந்தவை அடைகாக்கிறவையும் குஞ்சுக்குக் காவல் இருப்பவையும்தான். வீட்டுக்கு ஒருவர் மட்டும் இருக்கும் நேரத்தில் ஊருக்குள் போய்விட்டு, ஊரில் ஆளே இல்லை என்கிறீர்கள்.

காலை ஆறு மணிக்குக் கரையில் இருங்கள். முடியாவிட்டால் மாலை நான்கு மணிக்குப் போய், வெளியே போகச் சொல்லும்வரை இருங்கள். திரும்பி வரும் கூட்டம் கிளம்பும் கூட்டத்தைவிடப் பார்க்க நன்றாக இருக்கும். குஞ்சுகள் எழுப்பும் கூச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது.

பூநாரை பற்றி. நீங்கள் பார்த்தது மஞ்சள் மூக்கு நாரையாகத்தான் இருக்கும். நீண்டு, நுனியில் லேசாக வளைந்த மஞ்சள் அலகு, முடியில்லாத ஆரஞ்சு முகம், மடக்கிய இறக்கையின் பின்பக்கம் வால் அருகே இளஞ்சிவப்பு. அந்தச் சிவப்பை வைத்துத்தான் பலர் பூநாரை என்கிறார்கள். பூநாரை மரத்தில் உட்காராது. ஆழமில்லாத உப்பங்கழியிலும் சேற்றிலும் நிற்கும். அதைப் பார்க்க ஆசை என்றால் பழவேற்காடு இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கரணை இருக்கிறது, சில ஆண்டுகள் நன்றாகவே வருகின்றன.

டிசம்பர் 15

நேற்று அவசரத்தில் எழுதியதில் "வெளிநாட்டுப் பறவை" என்ற விஷயத்தைத் தொடாமல் விட்டேன். விடக்கூடாத விஷயம் அது.

ஒவ்வொரு சீசனிலும் ஏதாவது ஒரு செய்தியில் "ஆஸ்திரேலியாவிலிருந்து பறவைகள் வருகை" என்று வருகிறது. வேடந்தாங்கல் மரங்களில் கூடு கட்டுகிறவை நம் துணைக்கண்டத்தைச் சேர்ந்தவை. கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, சாம்பல் நாரை, வக்கா, நீர்க்காகங்கள், வெள்ளைக் கொக்குகள். தண்ணீரும் இரையும் இருக்கும் இடம் தேடி மாவட்டம் மாவட்டமாக, மாநிலம் மாநிலமாக நகர்கிறவை இவை. நத்தைக்குத்தி இதில் ரொம்ப தூரம் போகக்கூடியது.

கடல், மலை தாண்டி வடக்கிலிருந்து வருகிறவர்கள் வேறு. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன், உள்ளான் வகைகள். இவை குளிருக்குத் தப்பி இங்கே வந்து தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்புகிறவை. கூடு கட்டுவது எல்லாம் வடக்கே, அங்கே கோடைகாலம் வரும்போது. ஆகவே வேடந்தாங்கலில் கூட்டில் குஞ்சோடு ஒரு பறவையைப் பார்த்தால், அது சைபீரியாவிலிருந்து வரவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வெளிநாட்டு விருந்தாளி என்று நினைத்துவிட்டால் அந்தப் பறவை நம் வீட்டுப் பின்னாலிருக்கும் குட்டையில் மேய்வது கண்ணில் படாது. அதே நத்தைக்குத்திதான் படாளம் கூட்ரோடு தாண்டி வயலில் நிற்கிறது. பஸ் ஜன்னலில் பார்த்து "ஏதோ கொக்கு" என்று விட்டுவிட்டு, பிறகு டிக்கெட் வாங்கி உள்ளே போய் அதையே தேடுகிறோம்.

டிசம்பர் 17

"எந்த மாதம் போகலாம்" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். மாதத்தைக் கேட்காதீர்கள், தண்ணீரைக் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஏரி நிறைந்தால் நவம்பரிலிருந்து மார்ச் வரை பார்க்கலாம். பொதுவாக நத்தைக்குத்தி முன்னால் வந்து இடம் பிடிக்கும், மற்றவை பின்னாலேயே வரும். 2016 போல மழை பொய்த்தால் காலண்டரில் என்ன மாதம் இருந்தாலும் பிரயோசனம் இல்லை. மரங்கள் தண்ணீருக்குள் நின்றால்தான் அவற்றுக்குத் தைரியம். தண்ணீர் வற்றினால் பூனை, நாய், கீரி எல்லாம் நடந்தே மரத்தடிக்கு வந்துவிடும்.

டிசம்பர் 22

தாம்பரம் நண்பர் மறுபடி எழுதியிருக்கிறார்: "30 ஹெக்டேர் ஏரிக்கு ஏன் சுத்தி 5 கிலோமீட்டர் சரணாலயம்? ஊர்க்காரங்க வீடு கட்டக் கஷ்டப்படுறாங்களாமே?"

நல்ல கேள்வி. நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளும்.

வேடந்தாங்கல் முதலில் ஒரு பாசன ஏரி. சரணாலயம் என்ற பெயர் பின்னால் வந்தது. தண்ணீர் திறந்துவிட மதகு உண்டு, மிகுதி வழிந்தோட கலங்கல் உண்டு, தண்ணீர் வந்துசேர வரத்துக் கால்வாய் உண்டு, பாசனம் பெறும் ஆயக்கட்டு நிலம் உண்டு. தண்ணீருக்குள் நிற்பவை நீர்க்கடம்பும் கருவேலமும். அந்த மரங்களில் ஆயிரக்கணக்கில் பறவை உட்கார்ந்து எச்சமிட, எச்சம் கரைந்த தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகிறது. அந்தத் தண்ணீர் பாய்கிற வயலுக்கு உரம் குறைத்துப் போட்டால் போதும் என்பது அங்கே விவசாயம் செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வது. என் தாய்மாமா அந்தப் பக்கம் நிலம் வைத்திருந்தார். ஏரித் தண்ணீர் பாயும் கொல்லையையும் கிணற்றுத் தண்ணீர் பாயும் கொல்லையையும் பயிரின் கரும்பச்சையை வைத்தே தூரத்திலிருந்து பிரித்துக் காட்டுவார்.

அதனால்தான் ஊர்க்காரர்கள் இந்தப் பறவைகளைக் காத்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேட்டையாட வந்தபோது போய்க் கலெக்டரிடம் முறையிட்டார்கள். அன்றைய செங்கல்பட்டு ஜாகீர் கலெக்டர் லியோனல் பிளேஸ், 1798 வாக்கில், பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊருக்குக் கவுல், அதாவது எழுத்து மூலமான உறுதி, எழுதிக் கொடுத்தார். 1858-ல் அதை மறுபடி உறுதிசெய்து வாங்கினார்கள். சட்டப்படி சரணாலயம் ஆனதெல்லாம் இருபதாம் நூற்றாண்டில். காட்டிலாகா வருவதற்கு முன்பே ஊரே காவல் இருந்தது. இன்றைக்கும் தீபாவளிக்கு அந்த ஊரில் வெடி சத்தம் கேட்காது.

அந்த பிளேஸ் துரை வேறு யாரும் இல்லை, மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வருகிறாரே, அவரேதான். கொட்டுகிற மழையில் கரை உடையப் போகிறது என்று பார்க்கப் போனவர், வில்லோடு இரண்டு பேர் கரையில் காவல் நிற்பதைக் கண்டார் என்பது கதை. பிறகு தாயார் சன்னதி கட்டிக் கொடுத்தார் என்று கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது. மதுராந்தகம் போகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள். நம் பக்கத்து மக்களுக்கு ஏரிக்கரை எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே நின்றால் புரியும்.

கேள்விக்கு வருகிறேன். 30 ஹெக்டேர் ஏரியில் இத்தனை பறவைக்குச் சோறு கிடைக்குமா? கிடைக்காது. ஏரி படுக்கை அறை, அவ்வளவுதான். சாப்பாடு சுற்றிலும் இருக்கிற வயலிலும், சின்ன ஏரிகளிலும், தாங்கல் என்கிற சிறு நீர்நிலைகளிலும், கால்வாயிலும். கூழைக்கடா மீனுக்காக வெகுதூரம் போகும். நத்தைக்குத்திக்கு வயல் வேண்டும். உண்ணிக்கொக்குக்கு மாடு மேயும் தரிசு வேண்டும். 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் தூரம் வரை உள்ள பகுதியையும் சேர்த்தார்கள் என்றால், கூட்டை மட்டும் காத்துவிட்டு அடுப்பை அணைத்துவிடக் கூடாது என்பதற்காக. 2020-ல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் யோசனை வந்தபோது அத்தனை எதிர்ப்பு கிளம்பியது அதனால்தான். நானும் எதிர்த்தேன், இன்றைக்கும் எதிர்க்கிறேன்.

வீடு கட்டுகிற ஊர்க்காரர் கஷ்டம் நிஜம். அதைத் தீர்க்க அதிகாரிகள் முறையாக வழி செய்ய வேண்டும். குடும்பத்துக்கு ஓர் அறை கட்டுவதும், ஏரி வரத்துக்கு மேலே ஆலை விரிவாக்குவதும் ஒரே தட்டில் வைக்கிற சமாச்சாரம் இல்லை.

டிசம்பர் 23

"அப்ப வயலுக்குப் போய்ப் பார்த்தா போதும், சரணாலயம் வேண்டாமா" என்று ஒரு தம்பி கேட்கிறார். இரண்டும் வேண்டும் தம்பி. காலையில் கரை, ஒன்பது மணிக்கு மேல் பறவை போன பக்கம் நாமும். கரிக்கிலி பத்து கிலோமீட்டர்தான். 1989-லிருந்து சரணாலயம், சுமார் 61 ஹெக்டேர், கூட்டமே இருக்காது. வேடந்தாங்கலில் மரம், கரிக்கிலியில் திறந்த தண்ணீர். நான் முன்பு சொன்ன வடக்கத்தி வாத்துகள் அங்கேதான் அதிகம் கண்ணில் படும். 2022-ல் இரண்டுமே ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தன.

ஜனவரி 2

புத்தாண்டு அன்று கரையில் கண்ட காட்சி. பெரிய லென்ஸ் வைத்திருந்த ஒருவர், கூட வந்த பையனிடம் கல்லெடுத்துத் தண்ணீரில் போடச் சொன்னார், பறவை எழும்பினால் பறக்கிற படம் கிடைக்குமாம். நான் சத்தம் போட்டேன். பக்கத்தில் கடலை விற்கிற அம்மா என்னைவிட நன்றாகச் சத்தம் போட்டார். பிறகுதான் அந்த லென்ஸ்காரர் நிறுத்தினார்.

கூட்டிலிருந்து தாய்ப்பறவை எழும்பினால் என்ன ஆகும் என்று தெரிந்தால் யாரும் இதைச் செய்யமாட்டார்கள். முட்டை வெயிலில் வேகும். பக்கத்திலேயே காக்கை காத்திருக்கும், அதற்கு அரை நிமிஷம் போதும். கூடுகள் நெருக்கமாக இருப்பதால் ஒன்று பதறினால் பத்து பதறும், இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சு தடுமாறித் தண்ணீரில் விழும். பதிவுசெய்த பறவைக் குரலைப் போட்டு அழைப்பது, ட்ரோன் விடுவது எல்லாம் இதே கணக்குதான். யாராவது செய்தால் கேளுங்கள். சங்கடமாக இருந்தால் வாசலில் இருக்கும் வாட்சரிடம் சொல்லுங்கள்.

ஜனவரி 11

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வருகிறது. 2015-லிருந்து ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் நடக்கிறது. யாரும் செய்யலாம். குறைந்தது 15 நிமிஷம் ஓரிடத்தில் நின்று, பார்த்த பறவையையும் எண்ணிக்கையையும் இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். தெரியாத பறவையைத் தெரிந்ததுபோல் எழுத வேண்டாம், "நீர்க்காகம், எந்த வகை என்று தெரியவில்லை" என்று போட இடம் இருக்கிறது.

என் வேண்டுகோள் ஒன்று. எல்லாரும் வேடந்தாங்கலிலேயே குவியாதீர்கள். அங்கே பட்டியல் ஏற்றுகிறவர்கள் ஏற்கெனவே உண்டு. பொங்கலுக்குச் சொந்த ஊர் போவீர்கள், அந்த ஊர் ஏரிக்குப் போங்கள். பேரே இல்லாத தாங்கலுக்குப் போங்கள். அந்த ஏரியில் நாளைக்கு மண் கொட்டி மூட வருகிறவர்களிடம், இங்கே இன்னின்ன பறவை இருந்தது என்று காட்ட ஒரு தாளாவது இருக்கட்டும்.

ஜனவரி 17

பொங்கல் கணக்கெடுப்புக்கு நான் உட்கார்ந்தது மதுராந்தகத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஏரியின் கலங்கலில். நவரைப் பட்டத்து நெல்லுக்குச் சேடை ஓட்டி, வயலைச் சேறாக்கிக்கொண்டிருந்தார்கள். டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்கும் சின்ன வெள்ளைக்கொக்கும் நெருக்கியடித்து நடந்தன. சின்ன வெள்ளைக்கொக்குக்குக் கறுப்புக் கால், மஞ்சள் பாதம். சேற்றிலிருந்து காலை எடுக்கும்போதுதான் பாதம் தெரியும்.

நான்கு நத்தைக்குத்தி இறங்கின. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அலகை மூடிய நிலையிலும் நடுவில் வெளிச்சம் தெரிகிற இடைவெளி. சேற்றுக்குள் கண் வரைக்கும் தலையைவிட்டுத் துழாவி, ஒரு நத்தையோடு எடுத்தது. எடுத்ததும் விழுங்கவில்லை. ஆழமில்லாத தண்ணீருக்கு நடந்துபோய், நத்தையைத் தரையோடு அழுத்திப் பிடித்து, கீழலகின் நுனியை ஓட்டின் வாய்க்குள் நுழைத்துத் தலையை வேகமாக ஆட்டியது. கொஞ்ச நேரத்தில் சதை மட்டும் உருவி வந்தது. அது நகர்ந்ததும் போய் ஓட்டை எடுத்துப் பார்த்தேன், ஓடு உடையவே இல்லை. அந்த இடைவெளியில் வைத்துப் பாக்குவெட்டி போல ஓட்டை நொறுக்கும் என்று சிறுவயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததற்கும் கண்ணெதிரே நடந்ததற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொரு சுவாரசியம்: குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது. பிறக்கும்போது நேர் அலகு, வளர வளரத்தான் விரிகிறது. பிப்ரவரியில் கரைக்குப் போகிறவர்கள், கூட்டு விளிம்பில் நிற்கிற அழுக்குச் சாம்பல் நிற இளசுகளின் அலகைப் பாருங்கள்.

டிராக்டர் ஓட்டியவர் இறங்கி வந்து என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். சொன்னதும், "இதுங்க நத்தையத் தின்னாட்டி நடவு நட்ட நாத்த நத்தை தின்னும் சார்" என்றார். போன நவரைக்குக் குருணைப் பூச்சிமருந்து போட்ட பக்கத்து வயலில் ஒரு நாரையும் இறங்கவில்லை என்பதையும் அவரே கைகாட்டிச் சொன்னார். சரணாலய எல்லைக் கல் எங்கே இருந்தாலும், பறவைக்கு எல்லை அந்த மருந்து டப்பாதான் என்று தோன்றியது. 5 கிலோமீட்டரைப் பற்றி டிசம்பரில் அவ்வளவு எழுதினேனே, அதன்மேல் இதையும் வைத்து யோசிக்க வேண்டியிருக்கிறது. எல்லைக்குள் இருக்கிற நிலத்தில் மருந்தைக் குறைக்கிற விவசாயிக்கு அரசு ஏதாவது ஈடு கொடுத்தால், அது இன்னொரு பார்வைக் கோபுரம் கட்டுவதைவிடப் பறவைக்கு உதவும். இது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

ஜனவரி 26

பைனாக்குலர் கேட்டவருக்கு: 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) வாங்குங்கள். 10x வாங்கினால் பெரிதாகத் தெரியும், கை நடுங்குவதும் சேர்ந்தே தெரியும். பிள்ளைகளுக்கு இன்னும் சின்னது, 8x30 போதும், கழுத்து வலிக்காது.

பிள்ளை சலித்துப்போகாமல் இருக்க என்ன வழி என்று கேட்ட அம்மாவுக்கு: எண்ணச் சொல்லாதீர்கள், பெயர் மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். கரைக்கு நெருக்கமான ஒரு கூட்டைக் காட்டி, "இந்த வீட்டுல என்ன நடக்குதுன்னு நீ பார்த்து எனக்குச் சொல்லு" என்று விட்டுவிடுங்கள். கூழைக்கடா கூடாக இருந்தால் உத்தமம். தாய் வந்து வாயைத் திறந்ததும் குஞ்சு தலையையும் கழுத்தையும் மொத்தமாகத் தொண்டைப் பைக்குள் விட்டு மீன் எடுக்கும். முதல் தடவை பார்க்கிற எந்தப் பிள்ளையும் "அம்மாவே குட்டியத் தின்னுடுச்சு" என்று கத்தும். என் அக்கா மகள் கத்தினாள், பிறகு குஞ்சு வெளியே வந்ததும் கைதட்டினாள்.

பாம்புத்தாராவும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நீந்தும்போது கழுத்து மட்டும் வெளியே தெரியும். மீனைக் கொத்தாது, கூர் அலகை லேசாகத் திறந்து குத்தும். மேலே வந்து உதறித் தூக்கிப்போட்டுத் தலைப்பக்கமாக விழுங்கும். நீர்க்காகத்துக்கு அலகு நுனி கொக்கியாக வளைந்திருக்கும், பாம்புத்தாராவுக்கு நேராக, கூராக. இரண்டும் இறக்கையை விரித்துக் காயவைக்கும், அதனால் அலகைப் பார்த்தால்தான் குழப்பம் தீரும்.

பிப்ரவரி 9

தாம்பரம் நண்பர் குடும்பத்தோடு மறுபடி போயிருக்கிறார், இந்த முறை மாலை நான்கு மணிக்கு! சின்னவன் இருட்டுகிறவரை கிளம்ப மறுத்தானாம். அவர் கேட்டிருக்கிற இரண்டு சந்தேகங்களுக்குப் பதில்.

ஒன்று, "எல்லாம் உள்ள வரும்போது ஒரு குட்டையான பறவை மட்டும் வெளிய போச்சு." அது வக்கா. பகலெல்லாம் இலை மறைவில் குந்தியிருந்துவிட்டு, மற்றவர் திரும்பும் நேரத்தில் வேலைக்குக் கிளம்புகிறவர். கூடவே பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னீர்களே, அதுவும் வக்காதான், போன ஆண்டோ இந்த ஆண்டோ பிறந்த இளசு.

இரண்டு, "மஞ்சள் மூக்கு நாரை ஒண்ணு குஞ்சு மேல வாந்தி எடுத்த மாதிரி இருந்தது, நோயா?" நோய் இல்லை. வெயில் ஏறிவிட்டது. பெற்றவை தண்ணீரை வாயில் கொண்டுவந்து குஞ்சுகளின் வாயிலும் உடம்பிலும் ஊற்றும். வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் இறக்கையைப் பாதி விரித்து நிழல் பிடித்து நிற்கும், வெயில் நகர நகரத் தானும் திரும்பும். அடுத்த முறை போனால் நண்பகலிலும் கொஞ்ச நேரம் பாருங்கள். பத்தரை மணிக்குப் போகாதே என்று டிசம்பரில் சொன்னேன், பிப்ரவரியில் குஞ்சுகள் பெரிதான பிறகு அந்தத் தடையை எடுத்துவிடலாம்.

ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. மரத்தின் அடிப்பாகம் தண்ணீருக்கு மேலே எவ்வளவு தெரிந்தது என்று சொன்னால் போதும். மார்ச்சில் போக நினைப்பவர்கள் இங்கே நாலைந்து பேர் காத்திருக்கிறார்கள்.